கோழிக்குப் போட்ட வார்த்தை

தலைப்பு வைப்பது எப்படி என்று, செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் பதிப்பில் நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்புப் போட்டே தலை நரைத்தவள் நான். அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எந்தத் தலைப்பை வைக்கக் கூடாது என்பதுதான் எனக்குக் கொஞ்சம் தெரியும். பக்கம் கட்டுவது, கணினி சமாசாரம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

படுகொலை. அதுதான் வார்த்தை.

நான் சேர்ந்தபோது எங்கள் செய்தி ஆசிரியராக ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் யாரையும் திட்ட மாட்டார். அதனால் தப்புச் செய்தவர்கள் எல்லோரும் வரிசையாக மதியத்தில்தான் அவர் முன்னால் போய் நிற்போம். ஒருநாள் ஒரு கட்சிக்காரரின் அறிக்கைக்கு ‘ஜனநாயகப் படுகொலை’ என்று தலைப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தார். மிகவும் மரியாதையாக, “பிரேதப் பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலம்மா?” என்று கேட்டார்.

மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“அவங்க வாயில என்ன வேணும்னாலும் வரட்டும். மேற்கோள்குறிக்குள்ள போட்டு வை. நம்ம வாயால சொல்லாத” என்றார். “கொலைன்னா ஆளை ஆள் கொல்றது. படுகொலைன்னா எதுத்து நிக்க முடியாத சனத்தைக் கூட்டமாக் கொல்றது. இனப்படுகொலைன்னா, இந்தச் சனமே பூமியில இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுக் கொல்றது. மூணும் மூணு தராசு. எல்லாத்துக்கும் பெரிய தராசையே தூக்கினா, நாளைக்கு நெசமாவே நடக்கறப்போ எதுல வச்சு நிறுப்ப?”

தலைவர் ஒருவரைக் கொன்றாலும் படுகொலை என்றுதானே எழுதுகிறோம் என்று நான் மடக்கப் பார்த்தேன். “எழுதறோம். பழகிப்போச்சு. பழகிப்போனதெல்லாம் சரியாயிடுமா?” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான் என்று அப்போதே தோன்றியது. ஆனால் மனிதர் சும்மா பிடிவாதம் பிடிக்கிறார் என்றும் தோன்றியது. நீதிப் படுகொலை, தமிழ்ப் படுகொலை, ரோட்டை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டினால் மரங்கள் இனப்படுகொலை என்று ஊரே பேசும்போது, நாங்கள் மட்டும் தராசைக் கட்டிக்கொண்டு அழுவதில் யாருக்கு என்ன லாபம்?

அதற்குப் பதில் கிடைக்க நான் ஓய்வு பெறும் சமயம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐப்பசி மாதம், கந்த சஷ்டி வாரம். பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நோய் பரவக் கூடாது என்று மிச்சக் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். அந்தக் கோழிகளைக் கையால் தொட்ட வேலையாட்களைப் பண்ணைக்குள்ளேயே தனியாகத் தங்க வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடமாநிலத்துக்காரர்கள். எங்கள் பல்லடம் நிருபர் சலீம் செய்தியை ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தார். மேசையில் ஒரு தம்பி அதற்கு ‘கோழிகள் இனப்படுகொலை’ என்று தலைப்புப் போட்டிருந்தான். நான் அடித்துவிட்டு ‘கோழிகள் அழிப்பு’ என்று மாற்றினேன். அவன் முகம் சுண்டிப் போயிற்று.

ஆனால் கடைகளில் தொங்கவிடுகிற போஸ்டர் இருக்கிறதே, அது அந்தக் காலத்தில் எங்கள் கைக்கு வராது. நாலு வார்த்தையில் ஊரை நிற்க வைத்துப் பேப்பர் வாங்கச் செய்ய வேண்டும் என்பதால் அதை விற்பனைப் பிரிவில் எழுதினார்கள். சஷ்டி வாரமாயிற்றே. மருதமலையில் சூரசம்ஹாரத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சூரன் கடைசியில் சேவலாக மாறுகிற கதையும் எல்லோருக்கும் தெரியும். யாருக்கோ பொறி தட்டிவிட்டது. மறுநாள் விடிந்தபோது கடைக்குக் கடை இப்படித் தொங்கியது:

‘பல்லடம் பண்ணையில் சம்ஹாரம்! வடமாநிலத் தொழிலாளர்கள் தனிமையில்!’

எழுதியது யார் என்று கேட்காதீர்கள். ஆபீசில் அத்தனை பேருக்கும் அது பிடித்திருந்தது. கோழி என்ற சொல்லே அதில் இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்களுக்குத்தான் செய்தி தெரியுமே.

பத்து மணி வாக்கில் எனக்கு ஒரு போன் வந்தது. சோமனூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் கலாமணி என்றொரு அம்மா. குரலில் பதற்றம் இருந்தாலும் மரியாதை குறையவில்லை.

“ஏனுங்க அம்மணி, உங்க பேப்பர் போஸ்டர்ல என்னங்க எழுதிப்போட்டீங்க? எங்க தறியில இருக்கற வடக்கத்திப் பசங்க அத்தனை பேரும் மூட்டை கட்டறாங்க. பல்லடத்துல அவங்க சனத்தைக் கூட்டமா வெட்டிப்போட்டாங்களாம். மிச்சம் இருக்கறவங்களத் தனியாப் பூட்டி வச்சிருக்காங்களாம். சாயந்தர ரயிலுக்குப் போறேங்கறாங்க. நாஞ் சொன்னா யாருங்க கேக்கறாங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோழிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போஸ்டரைப் போட்டோ எடுத்து, போன்லயே அவங்க பாசைக்கு மாத்திப் படிச்சிருக்காங்க. இங்க திலீப்புன்னு ஒரு பையன். அவன் சம்சாரம் புள்ளத்தாச்சி, நாள் நெருங்கிருச்சுங்க. ரயில் ஏறவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. அவளும் பொட்டி மேல ஏறி உக்காந்துட்டா. ரெண்டு நாள் ரயிலுங்க அது. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?”

அப்போதுதான் உறைத்தது. நமக்குச் சம்ஹாரம் என்றால் திருவிழா. தேங்காய், பழம், கூட்டம், காப்புக் கட்டு. அவர்கள் பக்கத்தில் அதே சொல்லோடு மனிதன் என்ற சொல்லைச் சேர்த்து ‘நரசம்ஹார்’ என்பார்கள். கூட்டம் கூட்டமாக மனிதர்களைக் கொன்றால் பத்திரிகையில் போடுகிற வார்த்தை அது. போன் அதைத்தான் போட்டிருந்தது. சம்ஹாரம் என்றிருக்கிறது, தொழிலாளர்கள் என்றிருக்கிறது, கோழியைக் காணோம். போன் பாவம், வேறு என்ன செய்யும்?

எங்கள் பதிப்பின் ஆசிரியர் அறைக்கு ஓடினேன். அதற்குள் அவருக்கும் பல இடங்களிலிருந்து போன் வந்திருந்தது. ‘பல்லடத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் படுகொலை செய்யப்பட்டதாகப் பரவும் தகவல் உண்மை அல்ல’ என்று உடனே இணையத்தில் போடலாம் என்று எழுதி வைத்திருந்தார்.

“இது வேண்டாம் சார்” என்றேன்.

“ஏன்? மறுப்புத்தானே?”

“நம்ம தமிழ்ல ‘அல்ல’ங்கறது கடைசியிலதான் வரும். பயந்து போனவங்க அதுவரைக்கும் படிக்க மாட்டாங்க. படுகொலைங்கறது மட்டுந்தான் கண்ணுல படும். சந்தேகமா இருந்தவங்களுக்கும் நாமளே உறுதிப்படுத்தின மாதிரி ஆயிடும்.”

அவர் எரிச்சலாகப் பேனாவை மூடினார். “அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“செத்தது கோழின்னு சொல்லணும். மனுசங்க உசுரோட இருக்காங்கன்னு காட்டணும். நடுவுல அந்த வார்த்தையே வரக் கூடாது.”

சலீமைக் கூப்பிட்டுப் பண்ணை வாசலுக்குப் போகச் சொன்னேன். நான் ஆபீஸ் காரை எடுத்துக்கொண்டு சோமனூருக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் பெட்டிக்கடைகளில் அந்தப் போஸ்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நாலைந்து கடைகளில் இறங்கி நானே கிழித்தேன். ஒரு கடைக்காரர், “ஏனுங்க, இன்னிக்குப் பேப்பர் நல்லா ஓடுதுங்களே, எதுக்குக் கிழிக்கறீங்க?” என்று கோபித்துக்கொண்டார்.

தறிக்கூடத்தில் சத்தமே இல்லை. பட்டப்பகலில் சோமனூரில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பின்பக்கம் குடியிருப்பு வாசலில் பைகளும் மூட்டைகளுமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு தகரப் பெட்டியின் மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சுனிதா. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் திலீப்.

கலாமணி என்னை அறிமுகப்படுத்தியதும் திலீப் ஓரடி முன்னால் வந்தார். தறியில் நம் ஆட்களோடு வருடக்கணக்கில் நின்று பழகியவர். அவர் பேசியது கொங்குத் தமிழ்தான்.

“அக்கா, நீங்க பேப்பர்காரங்களா? அப்ப நெசத்தச் சொல்லுங்க. எத்தனை பேருங்க?”

“ஒருத்தரும் இல்லைங்க. செத்தது கோழி.”

“கோழிக்கு யாராச்சும் அந்த வார்த்தையப் போடுவாங்களாக்கா?”

அதில் கிண்டல் இல்லை. அவர் என்னை உண்மையாகவே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“எனக்கு அப்ப மீசை மொளைக்கலீங்க. எங்க தெருவுல பூந்து அடிச்சாங்க. எங்க சித்தப்பா, பக்கத்து ஊட்டுக்காரங்க, அவங்க மருமக. மறுநாள் பேப்பர்ல அந்த வார்த்தையப் பெருசாப் போட்டிருந்தாங்க. எழுத்துக் கூட்டி நான் படிச்ச மொத பெரிய வார்த்தையே அதுதானுங்க. எங்கூர்ல அத சும்மா எழுத மாட்டாங்கக்கா.”

வெட்கமாக இருந்தது. அப்பட்டமான வெட்கம். எங்கள் பழைய செய்தி ஆசிரியர் தராசு என்று சொன்னபோது நான் தராசைத்தான் பார்த்தேன். அந்தத் தட்டில் யார் வீட்டுப் பிணம் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். அகராதியில் அர்த்தம் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த வார்த்தையை வாழ்க்கையில் ஒருமுறை பட்டு அனுபவித்தவர் கடை வாசலில் நின்று நம் போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். மிச்சப் பாதி தானாக வரும்.

எங்கள் ஊரில் சம்ஹாரம் என்றால் திருவிழா, மலையில் கூட்டம் அலைமோதும், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள் என்று அவருக்கு விளக்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

“கொல்றதப் பாக்கக் கொழந்தையத் தூக்கீட்டுப் போவீங்களா?”

இத்தனை வருடம் சஷ்டிக்கு விரதம் இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி என் மண்டையில் உதித்ததே இல்லை. கலாமணிதான் கைகொடுத்தார்.

“அட கண்ணு, அதுல யாருஞ் சாகறதில்ல. சூரன் மாமரமா நிப்பான். வேல் பட்டு ரெண்டாப் பொளந்து, ஒண்ணு மயிலு, ஒண்ணு சேவலு. ரெண்டையும் முருகனே வச்சுக்குவாரு. அவ்ளோதான் சம்ஹாரம்.”

“சேவலா?” என்றார் திலீப். “மறுபடியும் கோழியா?”

பின்னால் நின்றிருந்தவர்களில் யாரோ அதைத் தங்கள் மொழியில் சொல்ல, இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் திலீப் சிரிக்கவில்லை.

“எல்லாஞ் சரிங்கக்கா. என் மாமன் மவன் பப்லு அந்தப் பண்ணையிலதான் இருக்கான். நேத்துலருந்து போன் எடுக்கல. அவன் கொரலக் கேட்டா நான் மூட்டைய அவுக்கறேன். இல்லீன்னா மன்னிச்சுக்கங்க, இவளக் கூட்டீட்டு ரயிலேறிருவேன். வழியில என்ன ஆனாலும் சரி, இங்க வச்சிருக்க மாட்டேன்.”

அது நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு நேரம் நின்று பேசிக்கொண்டிருக்கக்கூட மாட்டேன்.

சலீமுக்குப் போன் போட்டேன். பண்ணை வாசலில்தான் இருந்தார், ஆனால் உள்ளே யாரையும் விடவில்லை. “மேடம், அதிகாரிங்க அறிக்கை ஒண்ணு தாரேங்கறாங்க. யாருக்கும் எதுவும் ஆகலைன்னு. வாங்கி அனுப்பட்டுங்களா?” என்றார்.

“அறிக்கை எனக்கு வேண்டாம் சலீம். பப்லுன்னு ஒரு ஆள். அந்தாளோட மூஞ்சி வேணும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுகிட்டே எடுத்தாப் போதும். என்ன பேசணும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். வாய்க்கு வந்ததப் பேசட்டும்.”

காத்திருந்தோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கலாமணி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். யாரும் தொடவில்லை. சுனிதா பெட்டியை விட்டு எழுந்து இரண்டு எட்டு நடந்து மறுபடியும் உட்கார்ந்தாள். இரண்டு பேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயே விட்டார்கள். அவர்களை மறிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வீடியோ வந்தது. வெள்ளை உடுப்பும் தலையில் உறையுமாக ஓர் ஆள் வேலிக்கு அப்பால் நின்றான். திலீப் என் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பப்லு பேச ஆரம்பித்தான். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. கையை ஆட்டுகிறான், தலையில் அடித்துக்கொள்கிறான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. திடீரென்று கூட்டம் முழுக்கச் சிரித்தது. திலீப்பும்தான்.

“என்னங்க சொல்றார்?”

திலீப் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வேளாவேளைக்குச் சாம்பார் ஊத்தறாங்களாமா. ரொட்டிய ஒருத்தனும் கண்ணுல காட்டலியாமா. ரூம்ப மருந்தடிச்சுப் பூட்டிப்போட்டாங்களாமா, போனு உள்ள மாட்டிக்கிச்சாம். இத்தனை கோழி இருந்த பண்ணையில ஒரு துண்டுக் கறி இல்லாமச் சாகப்போறேங்கறான். இங்கிருந்து ரொட்டி சுட்டுத் தாட்டிவிடச் சொல்றானுங்க.”

உயிருக்குப் பயந்தவன் சாம்பாரைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டான். நான் எழுதியிருக்கக்கூடிய எந்த மறுப்பையும்விட அந்தப் புகார் நம்பும்படி இருந்தது. போஸ்டர் எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களில் போயிருந்ததோ, அதே குழுக்களுக்குத் திலீப் தன் கையாலேயே அதை அனுப்பினார். ஸ்டேஷனுக்குப் போன இருவரில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இன்னொருவர் ஊருக்கே போய்விட்டார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மதியத்துக்கு மேல் ஒரு தறி ஓடத் தொடங்கியது, பிறகு இன்னொன்று.

ஆசிரியரிடம் போனிலேயே பேசி மறுநாள் தலைப்பை முடிவு செய்தோம். ‘பண்ணையில் நலமாக இருக்கிறார் பப்லு: கோழிகளைப் புதைத்த தொழிலாளர்களுக்கு ரொட்டி வந்தது.’ இரண்டாவது பாதி உண்மையாக வேண்டும் என்பதற்காகச் சலீம் பல்லடத்தில் ரொட்டிக்கு அலைந்தது தனிக் கதை. இனிமேல் போஸ்டரும் மேசைக்கு வராமல் வெளியே போகக் கூடாது என்று அன்று ஆசிரியர் ஒத்துக்கொண்டார். இப்போது அது உங்கள் கைக்கு வருகிறதே, அப்படித்தான் வந்தது. சலித்துக்கொள்ளாமல் பாருங்கள்.

நான் கிளம்பும்போது திலீப் மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சுனிதா பெட்டியிலிருந்து இறங்கிக் கீழே பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கோணும்” என்றார் திலீப். “எங்கூர்ல நடந்ததுக்குத் தமிழ்ல என்ன வார்த்தைங்க?”

“படுகொலை” என்றேன். எத்தனையோ பேர் தலைப்பிலிருந்து நான் அடித்துத் தள்ளிய வார்த்தை. அதை உரியவரிடம் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அவர் மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மனைவியிடமும் சொன்னார். அவள் ஏதோ கேட்டாள். அதுவரை அவள் குரலையே நான் கேட்டிருக்கவில்லை.

“என்ன கேக்கறாங்க?”

“புள்ள இங்கதானே பொறக்கப்போகுது, தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதானே படிக்கும். அதுக்கும் இந்த வார்த்தையச் சொல்லிக் குடுப்பாங்களான்னு கேக்கறாளுங்க.”

“குடுப்பாங்க” என்றேன். “பாடத்துல மட்டும் படிக்கட்டும்.”